கட்டணம் குறைவு, கவனிப்பு அதிகம்

கலிபோர்னியாவில் பாலர் பள்ளி ஆசிரியராக விரும்பும் பலருக்கு முதல் படி சமுதாயக் கல்லூரிதான். மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம். வேலைக்குப் போய்க்கொண்டே மாலை வகுப்பில் படிக்கலாம். நெடுங்காலமாக இருந்துவரும் விதிப்படி, 12 யூனிட் பாடமும் குழந்தைகளோடு 50 நாள் பணி அனுபவமும் இருந்தால் துணை ஆசிரியர் அனுமதி கிடைக்கும். ஆசிரியர் அனுமதிக்கு 24 யூனிட்டோடு பொதுப்பாடங்களில் 16 யூனிட்டும் வேண்டும்.

படிப்பின் உயிர்நாடி, பல கல்லூரி வளாகங்களிலேயே நடக்கும் குழந்தைகள் மையம். மாணவர் ஓரமாக உட்கார்ந்து ஒரே குழந்தையைக் கவனித்துக் குறிப்பெழுத வேண்டும். ‘முரட்டுப் பையன்’ என்று எழுதினால் திருத்தம் வரும். ‘மரக்கட்டையை இடக்கையால் தள்ளினான், பிறகு ஆசிரியரின் முகத்தைப் பார்த்தான்’ என்றால்தான் ஏற்பார்கள். கேட்க எளிது; பழகுவது சிரமம். வேறெந்தப் பாடத்தையும்விட ஆசிரியரை உருவாக்குவது இந்தப் பயிற்சியே.

சிக்கல் சம்பளத்தில் இருக்கிறது. பாலர் பள்ளி ஊதியம் அரசுத் தொடக்கப் பள்ளி ஊதியத்தைவிட வெகுவாகக் குறைவு. அதனால் பட்டம் முடித்தவர்களில் பலர் அங்கே மாறிவிடுகிறார்கள். தகுதியை மட்டும் வலியுறுத்தி, ஊதியத்தைக் குறைவாகவே விட்டுவைப்பது அரசின் கஞ்சத்தனம்.