முன்னால் செல்பவர் யார்?

இத்தாலி நாட்டின் வடபுறத்தில், கோமோ ஏரிக்கு மேலே எழும் மலையொன்றின் உச்சியில், கிசல்லோ அன்னையின் சிற்றாலயம் இருக்கின்றது. பழங்காலத்தில் அவ்வழியே நடந்து சென்ற பயணிகள் அங்கே நின்று செபித்துச் சென்றனர். பின்னர் மிதிவண்டிப் பந்தயங்கள் அந்த மலைப்பாதையில் ஏறத் தொடங்கின. 1949-ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் கிசல்லோ அன்னையை மிதிவண்டி ஓட்டுநர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். இன்று அவ்வாலயத்தினுள் நுழைவோர் மெழுகுதிரிகளையும் மலர்களையும் மட்டுமல்ல, சுவர்களில் தொங்கும் மிதிவண்டிகளையும் காண்பர். புகழ்பெற்ற வீரர்களான ஜீனோ பார்த்தாலி, ஃபௌஸ்தோ கோப்பி ஆகியோரின் வண்டிகள் அங்கே உள்ளன. 1992-இல் பார்சலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, 1995-இல் பிரான்சுப் பந்தயத்தின்போது மலைச்சரிவில் விழுந்து உயிர்நீத்த ஃபாபியோ கசார்தெல்லியின் வண்டியும் அங்கே உண்டு.

மிதிவண்டிப் பந்தயத்திற்கும் இக்குடும்பப் பக்கத்திற்கும் என்ன உறவு என்று வாசகர்கள் வியக்கலாம். மலைப்பாதையில் நடக்கும் அப்பந்தயத்தைச் சற்றே கூர்ந்து நோக்கினால், நம் இல்லங்களில் அன்றாடம் நிகழ்வதை அங்கே காண்கிறோம்.

பார்வைக்கு அது தனிமனிதப் போட்டி. இறுதிக் கோட்டை முதலில் கடப்பவர் ஒருவரே, பதக்கமும் ஒருவருக்கே. ஆயினும் அதனை வெல்வது பெரும்பாலும் அணியே. அதன் காரணம் காற்று. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர் எவரும் இதனை அறிவர். சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைப் பிளப்பதிலேயே செலவாகின்றது. அவர் முதுகுக்குப் பின்னே ஒட்டினாற்போல் செல்பவருக்கோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகிறது. ஆகவே அணியினர் முறைவைத்து முன்னே செல்வர். ஒருவர் சிறிது நேரம் காற்றைத் தாங்குவார். களைப்பு வருமுன் ஒதுங்கிப் பின்னே செல்வார். அடுத்தவர் அவ்விடத்தை ஏற்பார். முறை தவறாமல் இது நடந்தால், சாதாரண வலிமையுள்ள நால்வர் வலிமைமிக்க ஒருவரையும் பிடித்துவிடுவர்.

மலை வந்ததும் கணக்கு மாறுகிறது. ஏற்றத்தில் வேகம் குறைவதால் காற்றின் தடை குறைகிறது. உடலின் எடையை மேலே தூக்குவதே முழு வேலையாகிறது. பிறர் முதுகின் மறைவு அங்கே அதிகம் உதவாது. தன் சுமையைத் தானே தூக்க வேண்டும். ஆதலால் அணியின் உதவி பெரிதும் மலைக்கு முன்னரே செய்யப்படுகின்றது. ஏற்றத்தில் வல்லவரைச் சமதரையில் காற்றுப் படாமல் காத்து, தண்ணீரும் உணவும் கொண்டுவந்து கொடுத்து, பாதை குறுகுமுன் முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவர். இப்பணி செய்பவர் மலையடிவாரத்தை எட்டும்போது தம் வலிமையெல்லாம் தீர்ந்து பின்தங்கிவிடுவார். முடிவுப் பட்டியலில் அவர் பெயர் நாற்பதாவதாகவோ ஐம்பதாவதாகவோ இருக்கும்.

இதற்கென ஊதியம் பெறும் தொழில்முறை அணிகளில் இது எளிது. ஞாயிறன்று பந்தயம் ஓடித் திங்களன்று வேலைக்குச் செல்லும் பயில்முறை ஓட்டுநர்களிடையே விட்டுக்கொடுப்பதற்குக் கூலி தருவார் எவருமில்லை. ஒருவர் தம் வாய்ப்பை இன்னொருவருக்காக இழக்க வேண்டுமாயின், நட்பும் நம்பிக்கையும் வாய்ச்சொல்லும் மட்டுமே துணை. இந்த வகையில் பயில்முறை அணி குடும்பத்தைப் போன்றது. குடும்பத்திலும் யாரும் கூலிக்கு உழைப்பதில்லை அல்லவா?

வலிமை மிகுந்த அணியும் எவ்வாறு தோற்கக்கூடும் என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சியொன்று சான்று. 2021-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 25-ஆம் நாள். பெருந்தொற்றினால் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்ட தோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களின் சாலைப் பந்தயம். மொத்தம் 137 கிலோமீட்டர். தோக்கியோ நகரின் புறத்தேயிருந்து தோஷி மலைச்சாலை வழியாக ஏறி, ககோசகா கணவாயைக் கடந்து, ஃபியூஜி மலையடியில் உள்ள பந்தயத் திடலில் முடியும் பாதை. புறப்பட்டோர் 67 பேர்.

நெதர்லாந்து அணியே வெல்லும் என்பதில் பலருக்கும் ஐயமில்லை. அதன் நால்வருமே தனித்தனியே வெல்லத்தக்கவர்கள். மரியான் வோஸ் 2012-இலும், ஆன்னா வான் டெர் பிரெகன் 2016-இலும் இதே ஒலிம்பிக் பந்தயத்தில் தங்கம் வென்றவர்கள். அன்னமீக் வான் ஃப்ளூட்டன் உலகப் பட்டம் பெற்றவர். நால்வரில் இளையவரான டெமி வோல்லரிங்கும் அதற்குள் பெரும் வெற்றிகளைக் கண்டிருந்தார்.

ஆஸ்திரியா நாட்டிலிருந்து வந்தவரோ ஒரே ஒருவர். ஆன்னா கீசன்ஹோஃபர் என்பது அவர் பெயர்; வயது 30. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உயர்கல்விக் கூடமொன்றில் ஆய்வு செய்துவந்தவர். தொழில்முறை அணி எதிலும் அப்போது அவர் இல்லை. பயிற்சியாளரும் இல்லை, தம் பயிற்சியையும் உணவையும் தாமே கணக்கிட்டு வகுத்துக்கொண்டவர்.

பந்தயம் தொடங்கிய கணமே கீசன்ஹோஃபர் முன்னே பாய்ந்தார். வேறு நால்வர் அவரோடு சேர்ந்துகொண்டனர். பெருங்கூட்டம் அவர்களைப் பொருட்படுத்தவில்லை. தொடக்கத்திலேயே ஓடுபவர் பின்னர் களைத்துவிடுவார் என்பது பந்தயங்களில் வழக்கமான எண்ணம். முன்னே சென்றோர்க்கும் பின்னே வந்தோர்க்கும் இடையிலான தொலைவு பத்து நிமிடத்திற்கும் மேல் வளர்ந்தது. வலிமைமிக்க நெதர்லாந்து துரத்தட்டும் என்று ஏனைய நாட்டினர் காத்திருந்தனர். நெதர்லாந்து அணியோ நால்வரும் ஒன்றுகூடி முறைவைத்துத் துரத்தவில்லை. வான் ஃப்ளூட்டன் வழியில் ஒருமுறை கீழே விழுந்து எழுந்தார். பின்னர் தனியே முன்னேற முயன்றார். கூட்டம் அவரை மீண்டும் பிடித்தது.

இதற்கிடையில் முன்னணியில் இருவர் பின்தங்கி மூவராகினர். ககோசகா ஏற்றத்தில், இன்னும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் எஞ்சியிருக்கையில், கீசன்ஹோஃபர் மற்ற இருவரையும் விட்டுப் பிரிந்தார். அந்த இருவரான போலந்தின் பிலிக்தாவும் இஸ்ரயேலின் ஷபீராவும் முடிவுக்குச் சில கிலோமீட்டர் முன்னதாகப் பிடிபட்டனர். முன்னே சென்றோர் அனைவரும் பிடிபட்டனர் என்று பின்னால் வந்தோரில் பலர் எண்ணினர். ஆனால் ஒருவர் இன்னும் முன்னே சென்றுகொண்டிருந்தார்.

கீசன்ஹோஃபர் 3 மணி 52 நிமிடங்களில் இறுதிக் கோட்டைக் கடந்து தரையில் சாய்ந்தார். ஒரு நிமிடம் 15 நொடிகள் கழிந்து வான் ஃப்ளூட்டன் தனியே வந்தார். கோட்டைக் கடக்கையில் இரு கைகளையும் விரித்து உயர்த்தினார், தாமே வென்றதாக எண்ணி! தமக்கு முன்னே ஒருவர் வந்துவிட்டார் என்பதைக் கோட்டைக் கடந்த பின்னரே அவர் அறிந்தார். (மூன்று நாள் கழித்து நடந்த தனிநேரப் போட்டியில் அவர் தங்கம் வென்றார் என்பதையும் கூறிவிட வேண்டும், அவர் வலிமையில் குறையேதும் இல்லை.)

ஏனைய பெரும் பந்தயங்கள் பலவற்றில் ஓட்டுநர் காதில் சிறு வானொலிக் கருவி இருக்கும். பின்னே காரில் வரும் பயிற்சியாளர் முன்னே யார், எவ்வளவு தொலைவில் என்று சொல்லிக்கொண்டே வருவார். ஒலிம்பிக்கில் அக்கருவிக்கு இடமில்லை. அங்கே ஓட்டுநர்கள் தாமே கேட்டறிந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். நால்வரிடமும் கால்வலிமை இருந்தது. “முன்னால் செல்பவர் யார்? எத்தனை பேர்?” என்ற கேள்விக்கு உரிய விடை மட்டும் அவர்களிடையே வந்து சேரவில்லை.

கீசன்ஹோஃபரின் துணிவைப் போற்றுகிறோம். ஆயினும் நம் இல்லங்களுக்குரிய பாடம் தோற்ற அணியிடமே மிகுதி. நம் வீடுகளிலும் நால்வர் இருக்கிறோம். நால்வரும் வல்லவர்களே. அனைவருக்கும் முன்னால் ஒருவர் காற்றைப் பிளந்துகொண்டு செல்கிறார்; அவர் அங்கே இருப்பதையே மற்றவர்கள் அறிவதில்லை.

மந்திரிப்புக்கும் நோயாளர் சந்திப்புக்கும் இல்லங்களுக்குச் செல்லும் நாம் இதனைப் பலமுறை கண்டிருக்கிறோம். தகப்பனார் காலமான பிறகு மூத்த மகள் வேலைக்குச் செல்கிறாள். தம்பியின் படிப்பு அவள் சம்பளத்தில் நடக்கிறது. தங்கையின் திருமணக் கடனை அவளே அடைக்கிறாள். தம்பிக்கு வேலை கிடைத்த அன்று வீட்டில் விருந்து, ஊரார் பாராட்டுகிறார்கள், தம்பியும் கைகளை உயர்த்துகிறான். “அக்கா, இனி நான் முன்னே வருகிறேன், நீங்கள் சற்று இளைப்பாறுங்கள்” என்று சொல்ல மட்டும் அவனுக்குத் தோன்றுவதில்லை. அவனிடம் அன்பு இல்லை என்பதல்ல. அக்காள் முன்னே இருப்பது அவனுக்கு வழக்கமாகிவிட்டது. இன்னொரு வீட்டில் அந்த இடத்தில் இருப்பவர் விடியற்காலையில் எழுந்து இரவில் கடைசியாக உண்ணும் தாய். மற்றொரு வீட்டில், அயல்நாட்டு வெயிலில் உழைத்து மாதந்தோறும் பணம் அனுப்பும் தகப்பன். பணம் வந்ததா என்று கேட்கும் தொலைபேசிகள் பல. உடல்நலம் எப்படி என்று கேட்பவை சில.

விட்டுக்கொடுப்பவரின் மேன்மையை நாம் குறைத்துப் பேசவில்லை. 1934-ஆம் ஆண்டின் பிரான்சுப் பந்தயத்தில் ரெனே வியெத்தோ என்ற இருபது வயது இளைஞர், பிரெனே மலைகளில் தம் அணித்தலைவர் அந்தோனின் மாஞ்யின் சக்கரம் பழுதானபோது தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மாற்றுச் சக்கரம் வரும்வரை பாதையோரச் சுவரில் அமர்ந்திருந்தார். அடுத்த நாள், தாம் முன்னே சென்றுகொண்டிருந்தும், தலைவருக்கு மறுபடி இடர் வந்ததறிந்து, இறங்கி வந்த மலைமீது திரும்பி ஏறித் தம் வண்டியையே கொடுத்தார். அவ்வாண்டு மாஞ்யி வென்றார்; வியெத்தோ ஐந்தாமிடம் பெற்றார். பின்னாளில் ஒருபோதும் அவர் அப்பந்தயத்தை வெல்லவில்லை. ஆனால் அவர் தந்தது அனைவர் கண்முன்னும் நிகழ்ந்தது. பிரான்சு நாடே அதனை அறிந்து போற்றியது. நம் இல்லங்களில் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் அமர்ந்திருப்பவரை யார் காண்கிறார்கள்?

புனித சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் 6-ஆம் அதிகாரத்தை வாசிப்போர் சற்றே திகைப்பர். அங்கே ஓரிடத்தில் ஒருவர் சுமையை மற்றவர் தாங்கும்படி கேட்கிறார். சில வரிகள் தள்ளி, அவரவர் தம் பாரத்தைத் தாமே சுமக்க வேண்டும் என்கிறார். இவை ஒன்றுக்கொன்று முரணல்ல என்பதை மலைப்பந்தயம் விளக்குகிறது. பிரிக்கக்கூடிய சுமை உண்டு, அது காற்று. கடன், சமையல், முதியோர் பராமரிப்பு, நோயாளி அருகில் இரவு விழித்திருத்தல் ஆகியவற்றைப் பிரித்துக்கொள்ளாதிருப்பது அநீதி. பிரிக்க இயலாத சுமையும் உண்டு; அது மலை. துணையை இழந்தவரின் துயரம், இளைஞனின் தேர்வு, மரணப் படுக்கையின் தனிமை ஆகியவற்றை அவரவரே ஏற வேண்டும். ஆனால் சமதரையில் யாருடைய சுமையைப் பிறர் பகிர்ந்துகொண்டனரோ, அவருக்கு மலையேற வலிமை மிச்சமிருக்கும். பகிர்ந்துகொள்ளாவிட்டால், மலையடிவாரத்திலேயே அவர் வீழ்ந்துவிடுவார். அப்போது, இவ்வளவு திடமாக இருந்தவருக்கு என்ன நேர்ந்தது என்று வியக்கிறோம்.

ஆகவே இம்மாதம் ஒவ்வோர் இல்லத்திலும் ஓர் எளிய காரியம் நடைபெற விரும்புகிறோம். ஒருநாள் இரவு, குடும்பச் செபமாலை முடிந்தபின், உடனே எழுந்துவிட வேண்டாம். “நம் வீட்டில் முன்னால் செல்பவர் யார்?” என்று ஒருவர் கேட்கட்டும். விடை வெளிப்படையாக வரட்டும். அவர் பெயரை உரக்கச் சொல்லுங்கள். பிறகு, எந்த வேலையை, எந்த நாள் முதல், யார் ஏற்பது என்று முடிவு செய்யுங்கள். நன்றி என்ற சொல் மட்டும் போதாது. காற்றைத் தாங்குபவருக்கு வேண்டியது, அவ்விடத்திற்கு வரும் இன்னொருவர். முன்னே செல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: களைத்துவிட்டால் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் தாங்குவதே புண்ணியம் என்று எண்ணி, இறுதியில் மனக்கசப்பில் முடிந்தவர்களை நாம் அறிவோம்.

கானாவூர்த் திருமணத்தில் இரசம் தீர்ந்ததைக் கண்டு சொன்னவர் தேவ அன்னை. பந்தியில் அமர்ந்திருந்த பலர் அதனைக் கவனிக்கவே இல்லை. அவர் கவனித்தார், கவனித்ததோடு நில்லாமல் திருமகனிடம் சொன்னார். ஒரு குடும்பம் வெட்கத்தினின்று காப்பாற்றப்பட்டது. மலையேறுவோர் அவரைப் பாதுகாவலியாகக் கொண்டது தகுதியே. கண்டறியும் கண்ணையும், கண்டதைச் சொல்லும் நாவையும் நம் இல்லங்களுக்குப் பெற்றுத் தருமாறு அவ்வன்னையை மன்றாடுவோம்.