வாட்ச்மேனின் மூக்குக்கண்ணாடி

கெமிஸ்ட்ரி லேப்ல எலக்ட்ராலிசிஸ் வந்தாலே தூங்கி வழியற ஆளா நீங்க? இந்த வாரம் உங்களுக்குத்தான்.

நார்வேயில் வெமோர்க்னு ஒரு இடம். அருவியில கரன்ட் எடுத்து, அந்தக் கரன்ட்டால தண்ணீரைப் பிரிச்சு, வர்ற ஹைட்ரஜன்ல உரம் தயாரிச்சாங்க. கூடவே கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்தது கனநீர். நியூட்ரானோட வேகத்தைக் குறைக்கிற சரக்கு. அணு ஆராய்ச்சியில் இருந்த ஜெர்மனிக்கு அது தேவை. 1940-ல் நார்வேயைப் பிடிச்சதும் ஃபேக்டரியும் அவங்க கைக்கு வந்துடுச்சு.

1942 நவம்பரில் பிரிட்டிஷ் ராணுவ இன்ஜினீயர்களை இரண்டு கிளைடர்களில் அனுப்பினாங்க. ரெண்டுமே நொறுங்கிச்சு. பிழைச்சவங்களையும் ஜெர்மானியர்கள் கொன்னுட்டாங்க. பிடிபடற கமாண்டோ யூனிஃபார்ம்ல இருந்தாலும் உயிரோட விடக் கூடாதுங்கிறது ஹிட்லர் உத்தரவு. மொத்தம் 41 பேர் போயாச்சு.

இது தெரிஞ்சும் அடுத்து கிளம்பினவர் யோவாகிம் ரோன்னபெர்க். வயசு 23. அதாவது உங்க சூப்பர் சீனியர் வயசு! நார்வேயிலிருந்து படகில் தப்பி, பிரிட்டனில் கமாண்டோ பயிற்சி எடுத்தவர். 1943 பிப்ரவரியில் ஐந்து பேரோட பாராசூட்டில் பனியில குதிச்சார். ஏற்கெனவே நாலு பேர் மலை மேல மான் தின்கிற பாசியைத் தின்னு குளிர்காலத்தை ஓட்டிக்கிட்டிருந்தாங்க.

பிப்ரவரி 27 ராத்திரி. பாலத்துல காவல். அதனால ஒன்பது பேரும் பள்ளத்தாக்குல இறங்கி, உறைஞ்ச ஆத்தைத் தாண்டி, எதிர்ப்பக்கம் ஏறினாங்க. கேட் சங்கிலியை வெட்டின கட்டர்கூட ராணுவம் தந்தது இல்லே. இங்கிலாந்துக் கடையில ரோன்னபெர்க் சொந்தமா வாங்கினது. கேபிள் போற துளை வழியா தவழ்ந்து உள்ளே போய், குண்டு வெச்சாச்சு. ரெண்டு நிமிஷத் திரியை முப்பது செகண்டா நறுக்கியாச்சு. பத்த வைக்கப் போறாங்க...

"என் கண்ணாடியைக் காணோமே"ங்கிறார் நார்வேக்கார வாட்ச்மேன்! யுத்த காலத்துல புதுசு கிடைக்காதாம். ரோன்னபெர்க் நின்னு, தேடி, கூடை எடுத்துக் கொடுத்தார். திறந்து பார்த்தா காலி. மறுபடி தேடிக் கண்ணாடியையும் கொடுத்துட்டுத்தான் திரிக்கு நெருப்பு. எனக்கு இந்தக் கதையில குண்டைவிட இதுதான் பிடிச்சிருக்கு.

சுமார் 500 கிலோ கனநீர் காலி. ஒரு தோட்டாகூட சுடலை. ரோன்னபெர்க்கோட அஞ்சு பேர், பனிச்சறுக்கில் 300 கிலோமீட்டருக்கும் மேல போய் ஸ்வீடன் சேர்ந்தாங்க. ஒன்பது பேரும் தப்பிச்சாச்சு.

ஆனா சினிமா மாதிரி அங்கேயே முடியலை. சில மாசத்துல ஃபேக்டரி மறுபடி ஓடிச்சு. 1943 நவம்பரில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட, நார்வே ஜனங்களே செத்தாங்க. 1944 பிப்ரவரியில் மிச்ச கனநீர் போன படகை மூழ்கடிச்சாங்க. அதுலயும் சாதாரணப் பயணிகள். ஜெர்மனி அப்போ அணுகுண்டுக்குப் பக்கத்துலகூட இல்லேங்கிறது பின்னாடிதான் தெரிஞ்சது. அப்போ இதெல்லாம் தேவையான்னு கேட்டா? அன்னிக்கு அது யாருக்கும் தெரியாதே பாஸ்.

ரோன்னபெர்க்குக்கோ, எதுக்காக அதை வெடிச்சோம்கிறதே 1945-ல் ஹிரோஷிமா செய்தி வந்த பிறகுதான் புரிஞ்சுதாம். அப்புறம் நார்வே ரேடியோவில் வேலை பார்த்துட்டு, 2018-ல் 99 வயசில் காலமானார்.