24 வோல்ட் என்று எழுதினால் போதுமா?

அரசுக் கட்டடம் ஒன்றின் தானியங்கிக் கட்டுப்பாட்டுக்கான டெண்டர் ஆவணத்தை அண்மையில் படித்தேன். ஏசி, தண்ணீர் பம்பு, விளக்குகள் என்று பக்கம் பக்கமாக விவரங்கள். கேபிளின் நிறம்கூடக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. இவை அத்தனையையும் இயக்கும் பவர் சப்ளைக்கு மட்டும் ஒரே வரி: 24 வோல்ட், 5 ஆம்பியர். ஐசொலேஷன் பற்றி ஒரு சொல் இல்லை.

230 வோல்ட் வரும் பக்கத்துக்கும் 24 வோல்ட் போகும் பக்கத்துக்கும் இடையே கம்பித் தொடர்பு இருக்கக் கூடாது என்பதே ஐசொலேஷன். மின்மாற்றியின் காந்தப் புலம் வழியாகவே ஆற்றல் கடக்க வேண்டும். மல்டிமீட்டரை வைத்து வெளியீட்டை அளந்தால் இது தெரியவராது. நல்ல பெட்டியும் மட்டமான பெட்டியும் அதே 24-ஐத்தான் காட்டும். உள்ளே இருக்கும் தடுப்பு தோற்கும் நாளில், சென்சார் கம்பியைத் தொடும் எலெக்ட்ரீஷியனின் கைக்கு 230 வோல்ட் வந்துசேரும்.

‘டேட்டாஷீட்டில் 1,500 வோல்ட் ஐசொலேஷன் என்று போட்டிருக்கிறதே’ என்பார்கள். என்னை அதிகம் எரிச்சலூட்டுவது இந்த எண்தான். சிறிய மாட்யூல்கள் பலவற்றில் அது டிசி மின்னழுத்தம். அதுவும் தொழிற்சாலையில் ஒரே ஒரு நொடி கொடுத்துப் பார்த்தது. மெயின் லைனுக்கும் மனிதக் கைக்கும் நடுவே இருக்க வேண்டியது வலுவூட்டிய தடுப்பு. அதற்கு வழக்கமான சோதனை 3,000 வோல்ட் ஏசி, ஒரு நிமிடம். அதோடு முடிவதில்லை. போர்டின் மேல் இரு பக்கங்களுக்கும் இடையே இத்தனை மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்ற கணக்கும் உண்டு. தூசியும் ஈரக்காற்றும் அந்த இடைவெளியைத்தான் முதலில் தாக்கும். ஒரு நொடிச் சோதனையைக் காட்டிப் பத்தாண்டுப் பாதுகாப்பு என்று விற்பது அப்பட்டமான ஏமாற்று.

அடுத்தது தகவல் கம்பி; அதற்கும் ஐசொலேஷன் வேண்டும். கட்டடங்களில் பரவலாக ஓடும் ஆர்எஸ்-485 இணைப்பு, இரு முனைகளின் எர்த்துக்கு இடையிலான வேறுபாட்டையும் சேர்த்து, கம்பியில் மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரைதான் தாங்கும். அடித்தளப் பம்பு அறைக்கும் மொட்டைமாடி ஏசி யூனிட்டுக்கும் இடையே, ஒரு மின்னல் வெட்டில் அந்த எல்லை நொறுங்கிவிடும். சிப் கருகும். பழி சாஃப்ட்வேர் மீது விழும்.

விலை கூடும் என்கிறார்கள் ஒப்பந்ததாரர்கள். ஒரு கட்டுப்பாட்டுப் பேனலின் மொத்தச் செலவில் பவர் சப்ளையின் பங்கு எவ்வளவு என்பது அவர்களுக்கே தெரியும்; அந்த வாதத்துக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை. டெண்டர்களில் வெளிப்படைத்தன்மை கோரும் தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்த விலைக்காரரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. சரி, கேட்காத தரத்தைக் குறைந்த விலைக்காரர் எதற்குத் தரப்போகிறார்? குற்றம் அந்த ஒற்றை வரியை எழுதிய பொறியாளருடையது.

வலுவூட்டிய தடுப்பு, ஒரு நிமிட ஏசி சோதனைக்கான சான்று, ஒவ்வொரு தளத்திலும் ஐசொலேஷன் உள்ள ஆர்எஸ்-485: இவை மூன்றையும் கேட்காத டெண்டர்கள் அனைத்தையும் அரசு உடனே நிறுத்திவைக்க வேண்டும். ஏற்கெனவே மாட்டிய பேனல்களையும் திறந்து பார்த்து, சான்று இல்லாத பவர் சப்ளை ஒவ்வொன்றையும் கழற்றி மாற்ற வேண்டும்.