வளைவு விழிக்க வைக்காது

மலைப்பாதையில் தூக்கம் வராது, கொண்டை ஊசி வளைவுகளே சாரதியை விழிக்க வைக்கும், அனுபவசாலிக்குத் தன் கண் சொருகுவது தெரியும் என்கிறார்கள். இந்த வாதம் உயிரைக் குடிக்கும். கண் சொருகுவது தெரியும்தான். எந்த நொடியில் உறங்கிப்போவோம் என்பது எவருக்கும் தெரியாது. மணிக்கு 40 கிலோமீற்றரில் மூன்று நொடி கண் அயர்ந்தால் பஸ் 33 மீற்றர் தானாக ஓடிவிடும். றம்பொடைப் பக்கம் அதற்குள் வளைவு வந்துவிடும். 2025 மே 11 விடியற்காலை, கதிர்காமத்திலிருந்து குருநாகல் சென்ற இ.போ.ச. பஸ் கொத்மலை கெரண்டிஎல்லவில் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தச் சாரதி உறங்கினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உடல் தூக்கத்துக்கு ஏங்கும் நேரம் அதுதான். அனுபவம் அதை மாற்றாது.

பிளேன்டீ, வெற்றிலை, திறந்த ஜன்னல் போதாதா என்பார்கள். குளிர்காற்றும் பாட்டும் சில நிமிடத் தெம்புதான்; தேநீர் வேலைசெய்யவே அரைமணி ஆகும். 24 மணிநேரம் விழித்தவரின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.10 சதவீத மதுவுக்குச் சமம் என்று 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. நம் சட்ட வரம்பே 0.08தான். குடித்தவரைப் பிடிக்கிறோம், தூங்காதவரை உழைப்பாளி என்று மெச்சுகிறோம். ஓடாவிட்டால் வருமானம் இல்லையே என்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் சாரதியல்ல, முதலாளியும் டிப்போவும். இரவு ஓட்டத்துக்கு இரண்டாவது சாரதியைக் கட்டாயமாக்குங்கள்.