போர்க்களத்தில் கூடாரம்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் பெருஞ்சாலையில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தெற்கே, தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் நிற்கிறது உதயகிரிக் கோட்டை. அங்கிருந்து தென்மேற்கே கடலை நோக்கி இறங்கினால் குளச்சல். மிளகு வாணிகத்தைத் தன் பிடியில் வைத்திருக்க விரும்பிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியை, 1741ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் வேந்தர் மார்த்தாண்ட வர்மரின் படை பணியவைத்த மண் அது. விடுமுறை வந்தால் திருவனந்தபுரத்து இளைஞரும் குடும்பத்தினரும் இந்தத் தென்கரையை நாடுகின்றனர். கூடாரம் அடித்து ஓரிரவு தங்கும் ஆசையும் அவர்களிடம் இருக்கிறது. அந்த ஆசையை நாம் குறை கூறோம். போர் நடந்த நிலத்தில் அவர்கள் எங்கே தங்க வேண்டும், தங்குபவருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்பதில் நெறி வேண்டும் என்கிறோம்.

வழிப்போக்கரும் வீரர் நினைவும் ஒன்றையொன்று விலக்க வேண்டியவை என்று தமிழ் மரபு ஒருநாளும் கருதியதில்லை. நம் முன்னோர் நடுகல்லை ஆள் நடமாட்டமற்ற மூலையில் ஒளித்துவைக்கவில்லை, வழியருகே நட்டனர். பயணம் போகும் கூத்தர் வழியிலுள்ள நடுகற்களைத் தொழுது செல்லுமாறு மலைபடுகடாம் ஆற்றுப்படுத்துகிறது. கல்லில் வீரனின் பெயர் இருந்தது, அவன் செய்த செயல் இருந்தது. அயலூரான் படித்துவிட்டுப் போனான். பயணிக்கு மரபு விதித்த கடன் அவ்வளவே. அதை நிறைவேற்றும் வாய்ப்பைக்கூட இன்றைய பயணிக்கு நாம் சரிவரத் தருவதில்லை.

உதயகிரியைப் பாருங்கள். ஒரு குன்றையே வளைத்து எழுந்த கருங்கல் மதில். ஒல்லாந்தப் படையில் வந்து குளச்சலில் சிறைப்பட்டுப் பின்னர் அதே வேந்தரின் படைக்குப் பயிற்சியளித்து, ‘வலிய கப்பித்தான்’ என்று பெயர் பெற்ற டிலனாய் மேற்பார்வையில் புதுப்பிக்கப்பட்டது. 1777இல் மறைந்த அவர் உள்ளே கூரையிழந்த தேவாலயத்தில் உறங்குகிறார். கல்லறை மீது இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. பகைவனாக வந்தவனுக்குத் தமிழில் கல்வெட்டு வைத்த பெருந்தன்மை அங்கே இருக்கிறது. அவர்கீழ்ப் பணிபுரிந்து, கிறித்தவம் தழுவி, 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக்கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் வரலாறும் இக்கோட்டையோடு பிணைந்தது. 2022இல் அவரைப் புனிதர் என்று வத்திக்கான் அறிவித்தது. இத்தனையும் தாங்கிய கோட்டை இன்று வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. பிள்ளைகள் மானைக் காண வருகின்றனர். வரட்டும், மரநிழலும் மானும் கோட்டைக்கு இழுக்கல்ல. ஆனால் கல்லறை பூங்காவின் ஓர் ஓரக் காட்சியாகத் தேய்ந்துபோவது இழுக்கு.

குளச்சல் கடற்கரையில் வெற்றித்தூண் நிற்கிறது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் வீரர்கள் அங்கு வந்து மரியாதை செலுத்துகின்றனர்; திருவிதாங்கூர்ப் படையின் வழித்தோன்றல் அந்த ரெஜிமெண்டில் இருப்பதால் அது வெறும் சடங்கன்று. எனினும் வரலாற்றில் வேந்தர் பெயர் நிற்கிறது, டிலனாய் பெயர் நிற்கிறது. மாண்ட படையாளின் பெயர் நிற்கவில்லை. துடுப்புகளைத் தோளில் சாத்தி அணிவகுத்து நின்று, பெரும்படை என எதிரியை மருளவைத்ததாகச் செவிவழிக் கதை போற்றும் மீனவருக்கும் பெயரில்லை. அதே கரையின் கொட்டில்பாட்டில் 2004 ஆழிப்பேரலையில் மாண்டவர்களின் நினைவிடமும் இருக்கிறது. கூடாரம் அடிக்க நல்ல மணல் என்று தேடி வருபவர், தம் காலடியிலுள்ள மணல் யாருடைய துயரைச் சுமக்கிறது என்று அறிந்தே அமர வேண்டும்.

பிற நாடுகளின் பட்டறிவும் நமக்கு முன் உள்ளது. துருக்கியின் கல்லிப்போலியில் ஏப்ரல் 25 விடியலின் போர் நினைவேந்தலுக்காக ஆயிரக்கணக்கான ஆஸ்திரேலியரும் நியூசிலாந்தினரும் திறந்தவெளியில் இரவைக் கழிப்பர். 2005இல் அவர்கள் விட்டுச்சென்ற குப்பை, அவர்களின் நாட்டு மக்களையே வெட்கமுறச் செய்தது. தாய்லாந்தின் காஞ்சனபுரி நமக்கு இன்னும் நெருக்கமான வலி. குவாய் ஆற்றில் மிதக்கும் விடுதிகளில் பயணிகள் தங்குகின்றனர். அருகே, சயாம்–பர்மா இருப்புப்பாதைப் பணியில் மடிந்த ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை குலையாமல் பேணப்படுகின்றன. 1942–43இல் அதே இருப்புப்பாதைக்கு மலாயாவின் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு மடிந்த பல்லாயிரம் தமிழருக்கோ பெயர் பொறித்த கற்கள் இல்லை. தங்குமிடம் வளர்ந்தது, ஒரு சாராரின் நினைவு வளர்ந்தது, நம்மவர் நினைவு வளரவில்லை. பேணுவோர் இருந்தால் நினைவு நிற்கும் என்பதற்கு அந்தக் கல்லறை வரிசைகளே சான்று.

குளச்சலுக்குப் பேணுவோர் யார்? இங்கேதான் சிக்கல். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அது மக்கள் போராடிப் பெற்ற நியாயம். அதில் நமக்கு இருமனம் இல்லை. ஆனால் மார்த்தாண்ட வர்மரின் பத்மநாபபுரம் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமும், இரண்டு கல் தொலைவிலுள்ள உதயகிரி தமிழக வனத்துறையிடமும் இருக்க, 1741இன் கதை மாநில எல்லையில் துண்டுபட்டுக் கிடக்கிறது. அரண்மனை கண்டு திரும்பும் திருவனந்தபுரத்துப் பயணி, அவ்வேந்தரின் படை பயின்ற கோட்டையைச் சாலையோர மதிலாகக் கண்டு கடந்துபோகிறார். 1809இல் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்த காலத்தில் உடைபட்ட ஆரல்வாய்மொழி அரணையோ, அங்குச் சுழலும் காற்றாலைகளைப் படம் பிடிப்பவர் அறிவதே இல்லை.

ஆகவே இரு அரசுகளும் ஒன்றாக அமர்ந்து பேச வேண்டும். பத்மநாபபுரம், உதயகிரி, குளச்சல், வட்டக்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகியவற்றை ஒரே பயணப் பாதையாக இணைத்து, ஒவ்வோரிடத்திலும் தமிழிலும் மலையாளத்திலும் வரலாற்றுப் பலகை வைக்க வேண்டும். உதயகிரியின் மதிலுக்குள்ளும், வெற்றித்தூணைச் சுற்றியும், கொட்டில்பாட்டு நினைவிடத்தருகிலும் இரவுத் தங்கலும் நெருப்பு மூட்டலும் மதுவும் கூடா. கூடாரத்துக்கு உரிய இடத்தை அவற்றுக்கு வெளியே, உள்ளூராட்சியின் மேற்பார்வையில், நீரும் கழிப்பறையும் குப்பை அகற்றும் ஏற்பாடும் சேர்த்து ஒதுக்கலாம். அதில் வரும் வருவாயின் ஒரு பங்கு கல்லறையின் கூரைக்கும் மதிலின் செப்பனிடலுக்கும் செல்லட்டும். வழிகாட்டும் வேலையைக் குளச்சல் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கே பயிற்சியளித்துக் கொடுக்கட்டும். துடுப்பின் கதையை அவர்கள் வாயால் கேட்பதே முறை.