வேலூரில் ஏ.சி.சண்முகம்: முகாமும் கொறடா உத்தரவும்

எடப்புளி நாடு உள்ளிட்ட கொல்லிமலை மக்கள் வாக்களிப்பது நாமக்கல் மக்களவைத் தொகுதியில். 2019 ஏப்ரலில் அங்கே கோழிப்பண்ணை அதிபர் ஏ.கே.பி.சின்ராஜை நிறுத்திய திமுக அணி 2,65,151 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. பணப்பட்டுவாடா புகாரால் தள்ளிப்போன வேலூர் தேர்தல் ஆகஸ்ட் 5-ல் நடந்தபோது, அதே அணி 8,141 வாக்கில்தான் தப்பித்தது.

காரணம், எதிரே நின்ற கல்லூரி அதிபர் ஏ.சி.சண்முகம். ஆரணிக்காரர், 1984-ல் அதே வேலூரின் எம்.பி. மருத்துவ முகாம் என்று ஊர் ஊராக வருபவர். நம் மஹல்லாக்களிலும் அவரை நல்ல மனிதர் என்பவர்கள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

2014-ல் பாஜக அணியில் நின்றபோது, அன்றைய எம்.பி.யான முஸ்லிம் லீக்கின் அப்துல் ரஹ்மானை மூன்றாம் இடத்துக்குத் தள்ளினார். வென்றது அதிமுக. 2019-ல் இரட்டை இலையில் நின்றார். வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு, ஜூலை 25-ல், முத்தலாக் மசோதாவை மக்களவையில் அதிமுக எம்.பி. ஆதரித்துப் பேசினார். வாணியம்பாடியும் ஆம்பூரும் அதை மறக்கவில்லை. அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தத்தில் சண்முகம் முந்தியும், இந்த ஊர்களும் வேலூரும் சேர்ந்து கதிர் ஆனந்தைக் கரையேற்றின.

2024-ல் எம்.பி.யாக இருந்த கதிர் ஆனந்தை எதிர்த்து, தாமரைச் சின்னத்திலேயே நின்றார். தோல்வி 2,15,702 வாக்குகளில்.

"முகாம் நடத்தியவருக்கு ஓட்டுப் போட்டால் என்ன?" என்று கேட்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். 1985-ன் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் எம்.பி. பதவியையே இழக்கலாம். வேட்பாளரின் நல்ல மனசு அவையின் வாசலோடு நின்றுவிடும். 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதா மக்களவையில் 288-க்கு 232 என்று நிறைவேறியது. அன்று வேலூரின் இருக்கையில் தாமரை எம்.பி. இருந்திருந்தால், அவர் எத்தனை முகாம் நடத்தியவராயினும், 288 என்பது 289 ஆகியிருக்கும்.

அதற்காகக் கதிர் ஆனந்தும் நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். 2019-ல் அவரைக் காத்தது அவர் செய்த வேலையல்ல. எதிரணி செய்த தவறு. இப்போது அவரே எம்.பி. ஆம்பூர் தோல் தொழிலாளிக்கும் வாணியம்பாடி வியாபாரிக்கும் என்ன செய்தீர்கள் என்று ஜமாஅத்தார் அவரிடம் கேட்கலாம், அடுத்த தேர்தல் வரை காத்திருக்காமலே.