ஒரு கோபுரம், பல குடிகள்

நம் மொட்டை மாடியிலிருந்து தென்படும் செல்பேசிக் கோபுரங்களுட் பல, எந்த ஒரு கம்பெனிக்கும் தனியுடைமை அல்ல என்பதை அன்பர்கள் எத்தனை பேர் அறிவர்? வாடிக்கையாளருக்காகத் தெருவில் மோதிக்கொண்ட பார்தி, வோடபோன், ஐடியா என்னும் மூவரும், 2007-இல் கூடி இண்டஸ் டவர்ஸ் என்ற பொது நிறுவனத்தைக் கண்டனர். காரணம் எளிது. நிலவாடகை, இரும்பு, காவல், மின்தடைக்கென வைக்கும் பேட்டரி, டீசல் எந்திரம் என்று ஒரு கோபுரத்துக்கு ஆகும் செலவிற் பெரும்பகுதி, குடி ஒன்றாயினும் மூன்றாயினும் மிகுதியாக மாறுவதில்லை. இரண்டாம் குடி வந்தால் முதற்குடியின் பாரம் இறங்குகிறது. நகரங்களில் ஒண்டுக்குடித்தனம் செய்து பழகிய நமக்கு இக்கணக்கைச் சொல்லித்தர வேண்டுவதில்லை!

ஆனால், குடிகள் வேண்டுமே. தமிழகத்தில் வேரூன்றியிருந்த ஏர்செல் 2018-இல் ஓய்ந்தது. அவ்வாண்டே வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. இருவர் பகிர்ந்த வாடகை பல கோபுரங்களில் ஒருவர் தலையில் விழுந்தது. பங்கீட்டால் மிஞ்சும் பணம் நம் கைக்கு வருவது போட்டி உள்ளவரையில்தான் என்பது நம் கருத்து. 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் மூன்றும் அடுத்தடுத்த நாட்களில் கட்டணத்தை உயர்த்தியதை இல்லத்தரசிகள் மறந்திரார்.

மற்றொன்று. ஊரிலுள்ள முதியோரிடமிருந்து அவசரச் செய்தி வருமே என்றஞ்சி, இரு கம்பெனிகளின் சிம் வைத்திருப்போர் நம்மிடையே பலர். அவ்விரண்டும் ஒரே கோபுரத்தில் குடியிருக்கலாம். நெடுநேர மின்தடையில் டீசலும் பேட்டரியும் தீர்ந்துபோயின், இரண்டும் ஒருங்கே ஊமையாகும்.